நம்ம ஊர்ப் பிள்ளைகளின் சாதனை பேப்பரில் வர: நெல்லைச் சீமைப் பள்ளிகளுக்கும் பெற்றோருக்கும் முழுமையான வழிகாட்டி

ராதாபுரம் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் ஒரு பிள்ளை பிளஸ் டூ தேர்வில் 600-க்கு 580 எடுக்கிறாள். ஊருக்குள்ளேயே பாதிப் பேருக்குத் தெரியாது. அதே நாளில் நகரத்துத் தனியார் பள்ளி ஒன்றின் மாணவி அதைவிடக் குறைந்த மதிப்பெண் எடுத்து, மறுநாள் காலையில் மாவட்டப் பக்கத்தில் படத்தோடு வந்துவிடுகிறாள். பேப்பர்காரர்கள் வேண்டுமென்றே செய்வதில்லை. தனியார் பள்ளியில் இதற்கென்று ஓர் ஆள் இருக்கிறார். முடிவு வந்த அரை மணி நேரத்தில் பெயர், படம், மதிப்பெண் எல்லாம் நிருபரின் போனில் போய் விழுகின்றன. அரசுப் பள்ளியிலோ தலைமையாசிரியர் பட்டியலை இறக்கி, தேர்ச்சி விழுக்காட்டைக் கணக்கிட்டு, கல்வி அலுவலகத்துக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிடும்.

இந்த வித்தியாசத்தைச் சரிசெய்யப் பணம் தேவையில்லை, கொஞ்சம் முன்தயாரிப்பு போதும். தலைமையாசிரியர், வகுப்பாசிரியர், பள்ளி மேலாண்மைக் குழு, முன்னாள் மாணவர்கள், பெற்றோர் என்று யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஒருவர் பொறுப்பெடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். செய்தி வந்தால் அடுத்த வருஷம் படிக்கப்போகிற பிள்ளைகளுக்குத் தெம்பு. "பிளஸ் டூ முடிச்சாச்சு, போதும்" என்று நினைக்கிற வீட்டில் அந்தக் கட்டிங் பெரிய வாதமாக நிற்கும். செய்தியைப் பார்த்துக் கல்லூரிக் கட்டணம் கட்ட முன்வருகிறவர்களும் நம் பக்கம் உண்டு.

முதலில் எந்தப் பேப்பர், எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பேப்பர் விஷயத்தில் நம் சீமை கொடுத்து வைத்தது. 1942-ல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார் திருச்செந்தூர் பக்கத்துக் காயாமொழிக்காரர். 1951-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய தினமலர் 1957-ல் திருநெல்வேலிக்கு வந்தது. இன்று பெரிய தமிழ் நாளிதழ்கள் பலவும் நெல்லைப் பதிப்பு வைத்திருக்கின்றன. மாலைப் பத்திரிகைகளும் உண்டு. பதிப்பு இருக்கிறது என்றால் உள்ளூர்ச் செய்திக்கென்று தினமும் நிரப்ப வேண்டிய பக்கங்கள் இருக்கின்றன என்று பொருள். அவர்களுக்கும் செய்தி வேண்டும்.

உங்கள் பள்ளி எந்த மாவட்டப் பக்கத்தில் வரும் என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. கடையம், ஆலங்குளம், சங்கரன்கோவில் செய்திகள் தென்காசிப் பக்கத்துக்குப் போகும். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, முக்கூடல் நெல்லைப் பக்கம். பள்ளி ஒரு மாவட்டத்திலும் பிள்ளையின் ஊர் பக்கத்து மாவட்டத்திலும் இருந்தால் இரண்டு நிருபர்களுக்கும் அனுப்பிவிடுங்கள். ஒருவருக்கு அனுப்பியதை இன்னொருவரிடம் சொல்லியும் விடுங்கள்.

பெரும்பாலான கிராமச் செய்திகள் தாலுகா அளவில் இருக்கும் பகுதி நேர நிருபர் வழியாகத்தான் போகின்றன. அவர்களைக் கண்டுபிடிக்க உங்கள் ஊர்ப் பேப்பர் ஏஜெண்டைக் கேட்டாலே போதும், எல்லாப் பேப்பர் நிருபர்களின் எண்ணும் அவரிடம் இருக்கும். தாலுகா அலுவலகத்துக்கு வந்துபோகிறவர்களும் சொல்வார்கள். இந்த வேலையை மார்ச், ஏப்ரலிலேயே முடித்துவிடுங்கள். முடிவு வரும் நாளில் புது ஆள் கூப்பிட்டால் எந்த நிருபருக்கும் பேச நேரமிருக்காது. முன்கூட்டியே ஒரு வார்த்தை: "அண்ணாச்சி, வணக்கம். நான் இன்ன ஊர் மேல்நிலைப் பள்ளியில இருந்து பேசுதேன். ரிசல்ட் அன்னைக்கு எங்க பிள்ளைங்க விவரம் அனுப்பினா வாங்கிக்கிடுவீங்களா? எத்தனை மணிக்குள்ள வேணும்?" அந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். ஒவ்வொருவரும் ஒரு நேரம் சொல்வார்கள், குறித்துக்கொள்ளுங்கள். மாலைப் பத்திரிகை என்றால் காலையிலேயே கொடுத்தாக வேண்டும். காலைப் பத்திரிகையின் உள்ளூர்ப் பக்கங்களும் நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் முடிந்துவிடும்.

முடிவு வருவதற்கு முன்பே ஒரு கோப்பு

யார் முதலிடம் வருவார் என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது. வகுப்பாசிரியருக்கு ஒரு கணிப்பு இருக்கும், ஆனால் அதை மட்டும் நம்பினால் நீங்கள் எதிர்பார்க்காத ஒரு பிள்ளை ஏமாந்துபோகும். ஆகவே தேர்வெழுதும் எல்லாருடைய விவரத்தையும் செய்முறைத் தேர்வு சமயத்திலேயே வாங்கிவிடுங்கள். தமிழில் பெயர், முதலெழுத்து, அப்பா அம்மா பெயர், ஊர், தாலுகா, பெற்றோர் தொடர்பு எண், ஒரு தெளிவான படம். இதற்கு ஒரு தாள் போதும்.

தமிழில் பெயரை அந்தப் பிள்ளையே தன் கையால் எழுத வேண்டும். காரணம் இருக்கிறது. பட்டியலைப் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்கிறோம். அதைப் பார்த்துத் தட்டச்சு செய்கிறவர் வள்ளி என்பதை வல்லி ஆக்குவார், பேச்சியம்மாளைப் பெச்சியம்மாள் ஆக்குவார். வாழ்க்கையில் முதன்முதலாகப் பேப்பரில் வரும் பெயர் தப்பாக வந்தால் அந்த வீட்டுக்கு எவ்வளவு வருத்தம்! இன்னொன்று, நம் பக்கம் இசக்கியம்மாள், சுடலைமுத்து, மாடசாமி ஒரே வகுப்பில் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். முதலெழுத்து இல்லாமல் போனால் எந்த இசக்கியம்மாள் என்று ஊரே குழம்பும். ஊர்ப் பெயரும் அப்படித்தான். புதூர் என்று மட்டும் எழுதினால் எந்தப் புதூர்? தாலுகாவையும் சேர்த்தே எழுதுங்கள்.

அந்தத் தாளிலேயே பெற்றோரின் சம்மதத்தையும் வாங்கிவிடுங்கள். "என் மகள்/மகனின் பெயர், படம், மதிப்பெண்ணைச் செய்திக்குக் கொடுக்கச் சம்மதம்" என்று ஒரு வரி, கீழே கையெழுத்து. பிள்ளையிடமும் தனியே கேளுங்கள். வேண்டாம் என்று சொல்லும் பிள்ளைகளும் உண்டு. காரணம் கேட்டுத் துருவ வேண்டியதில்லை.

எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது

இந்த வழிகாட்டியில் மிக முக்கியமான பகுதி இதுதான்.

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வுகளில் மாநில, மாவட்ட அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கம் 2017-ல் நிறுத்தப்பட்டது. பிள்ளைகளுக்கிடையே மன அழுத்தமும் பள்ளிகளுக்கிடையே ஆரோக்கியமற்ற போட்டியும் கூடாது என்பதற்காக எடுத்த முடிவு, நல்ல முடிவு. சிபிஎஸ்இயும் இப்போது தகுதிப் பட்டியல் வெளியிடுவதில்லை. அப்படியிருக்க "மாவட்ட அளவில் முதலிடம்" என்று நாம் எழுதிக் கொடுத்தால் அதற்கு ஆதாரமே கிடையாது. அதே நாளில் வேறொரு பள்ளியில் ஒரு பிள்ளை இரண்டு மதிப்பெண் கூட எடுத்திருந்தால் நிருபருக்கும் அவமானம், நம் பிள்ளைக்கும் அவமானம். அந்த நிருபர் அடுத்த வருஷம் நம்மை நம்ப மாட்டார்.

நமக்கு உறுதியாகத் தெரிந்தது நம் பள்ளிக் கணக்கு. பள்ளியில் முதலிடம், இரண்டாமிடம், மூன்றாமிடம், எந்தப் பாடத்தில் 100, எத்தனை பேர் எழுதி எத்தனை பேர் தேர்ச்சி, இவை எல்லாமே சொல்லலாம். இரண்டு பேர் ஒரே மதிப்பெண் எடுத்திருந்தால் இருவரும் முதலிடம்தான். ஒருவரை மட்டும் அனுப்பாதீர்கள்.

மாவட்ட முதலிடம் என்ற வார்த்தை இல்லாவிட்டால் செய்தி எடுபடாது என்று சிலர் கவலைப்படுகிறார்கள். எடுபடும். 2023-ல் திண்டுக்கல் மாணவி ஒருவர் 600-க்கு 600 எடுத்தபோது அரசு எந்தத் தரவரிசையும் அறிவிக்கவில்லை. ஆனாலும் தமிழ்நாட்டுப் பேப்பர்களெல்லாம் எழுதின. அந்த அளவு மதிப்பெண் இல்லாவிட்டாலும் உங்கள் பள்ளிக்கென்று ஒரு உண்மை இருக்கும். பள்ளி மேல்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்ந்த பிறகு முதல் பிளஸ் டூ வகுப்பாக இருக்கலாம். காரையாறு பக்கத்துக் காணிப் பழங்குடியினர் குடியிருப்பிலிருந்து வந்து படித்த பிள்ளையாக இருக்கலாம். தமிழில் 100 எடுத்திருக்கலாம், இது மற்றப் பாடங்களில் எடுப்பதைவிட எவ்வளவு கடினம் என்று தமிழாசிரியர்களுக்குத் தெரியும். 500 மதிப்பெண் எடுத்தவரைவிட, பத்தாம் வகுப்பில் தட்டுத்தடுமாறித் தேறி பிளஸ் டூவில் 450 எடுத்த பையன் சில சமயம் பெரிய செய்தி. என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் அனுப்பச் சொல்வேன்.

முடிவு வரும் நாள்

பெரும்பாலும் மே மாதம், காலை ஒன்பது, ஒன்பதரை மணி வாக்கில் வெளியாகும். பள்ளிக்கு மொத்தப் பட்டியலும் கிடைத்துவிடும். செய்திக்கு அந்தப் பட்டியலை மட்டுமே நம்புங்கள். பெற்றோர் போனில் சொன்ன எண்ணையோ வாட்ஸ்அப்பில் சுற்றும் எண்ணையோ வைத்து எழுத வேண்டாம். ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபார்க்கட்டும், கூட்டுத்தொகை உட்பட. பிளஸ் டூவுக்கு மொத்தம் 600, பத்தாம் வகுப்புக்கு 500. இதில்கூட அவசரத்தில் மாற்றி எழுதிவிடுவார்கள்.

மதிப்பெண் பட்டியலைப் படம் பிடித்து நிருபருக்கு அனுப்பாதீர்கள். அதில் பதிவெண், பிறந்த தேதி எல்லாம் இருக்கும். யார் கைக்கு வேண்டுமானாலும் போகும். மதிப்பெண்ணைத் தட்டச்சு செய்து அனுப்பினால் போதும்.

பள்ளி வளாகத்தில் அன்று தேர்ச்சி பெறாத பிள்ளைகளும் நிற்பார்கள். இனிப்பு ஊட்டுவதும், தூக்கி வைத்துக் கொண்டாடுவதும், நிருபர்கள் படம் எடுப்பதும் அவர்கள் கண் முன்னால் நடக்க வேண்டாம். முதலில் அந்தப் பிள்ளைகளிடம் ஓர் ஆசிரியர் உட்கார்ந்து பேசட்டும். துணைத் தேர்வு சீக்கிரமே வருகிறது, இந்த வருஷமே கல்லூரியில் சேரலாம் என்று சொல்லட்டும். மனம் உடைந்திருப்பதாகத் தெரிந்தால் பெற்றோரை வரவழைத்து அவர்களோடுதான் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். 14417, 104 ஆகிய எண்களில் ஆலோசனை கிடைக்கும். எண்ணைத் தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். படமெடுக்கும் வேலை அரை மணி நேரம் தள்ளிப்போனால் ஒன்றும் குடிமுழுகாது.

செய்திக்குறிப்பை எப்படி எழுதுவது

நிருபர் அதைத் தன் போனிலிருந்து அப்படியே அலுவலகத்துக்கு அனுப்பிவிடும்படி இருக்க வேண்டும். யூனிகோடு எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள். கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்பினால் அவர் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும், அந்த நாளில் நாற்பது பள்ளிக்கு அவரால் அது முடியாது. "கல்விச் சுடர்", "அறிவுப் பெட்டகம்" போன்ற அடைமொழிகளை எல்லாம் அலுவலகத்தில் வெட்டிவிடுவார்கள். விருந்தினர் பெயர்கள், தாளாளர் பெயர், ஆசிரியர் எல்லார் பெயர் என்று நீட்டினால் பிள்ளையின் பெயர் கடைசி வரிக்குப் போய் அதுவும் வெட்டுப்படும். முதல் வரியிலேயே பிள்ளை வரட்டும். இப்படி:

"…… தாலுகா …… அரசு மேல்நிலைப் பள்ளி மாணவி ……, பிளஸ் டூ பொதுத் தேர்வில் 600-க்கு …… மதிப்பெண் பெற்றுப் பள்ளியில் முதலிடம் பிடித்துள்ளார். …… பாடத்தில் 100 மதிப்பெண் பெற்றுள்ளார். மாணவர் ……, …… மதிப்பெண்ணுடன் இரண்டாமிடமும், மாணவி ……, …… மதிப்பெண்ணுடன் மூன்றாமிடமும் பெற்றனர். பள்ளியில் தேர்வெழுதிய …… பேரில் …… பேர் தேர்ச்சி பெற்றுள்ளனர். முதலிடம் பெற்ற மாணவி …… ஊரைச் சேர்ந்தவர். தந்தை ……, தாய் ……. மாணவி கூறுகையில், '……' என்றார்."

கீழே தலைமையாசிரியர் பெயரும், சந்தேகம் கேட்க ஒரு போன் எண்ணும். அந்த எண்ணை அன்று முழுக்க எடுத்துப் பேச ஆள் இருக்க வேண்டும். பிள்ளையின் எண்ணையோ தாயின் எண்ணையோ போடாதீர்கள். குறிப்பு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும், தெரியாதவர்கள் கூப்பிடத் தொடங்குவார்கள். எல்லா நிருபருக்கும் ஒரே நேரத்தில் அனுப்புங்கள். ஒருவருக்கு மட்டும் முதலில் கொடுத்தால் மற்றவர்கள் மனம் கோணும்.

செய்திக்குப் பணம் கிடையாது. பள்ளி விளம்பரம் கொடுப்பது வேறு, அதற்குக் கட்டணம் உண்டு, ரசீது உண்டு. செய்தி போட இவ்வளவு ஆகும் என்று யாராவது இடையில் வந்து கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தப் பேப்பரின் நெல்லை அலுவலகத்துக்கே நேரடியாகப் போன் செய்து விசாரியுங்கள்.

படம்

குழுப் படம், தனிப்படம் இரண்டும் வேண்டும். செய்திக்குப் பெரும்பாலும் முகம் மட்டும் தெரியும் சிறிய தனிப்படம்தான் போவதால் அதில் கவனம் வையுங்கள். மரத்தடி நிழலில், வெளிச்சம் முகத்தில் விழும்படி, வெற்றுச் சுவர் முன்னால் நிற்க வைத்து எடுத்தால் போதும். மே மாத நடுப்பகல் வெயிலில் எடுத்தால் கண் சுருங்கி முகமே கறுத்துப் போகும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், கோப்பாக அனுப்புங்கள். கோப்பின் பெயரிலேயே பிள்ளையின் பெயரை வையுங்கள். மூன்று படம் பெயரில்லாமல் போய்ச் சேர்ந்தால் முதலிடத்துப் பிள்ளையின் பெயருக்கு மேல் மூன்றாமிடத்துப் பையன் படம் வரும். குழுப் படமென்றால் இடமிருந்து வலமாக யார் யார் என்று எழுதிவிடுங்கள்.

குடும்பக் கதையைச் சொல்லும்போது

பீடி சுற்றும் தாய், பனையேறும் தந்தை, உவரியில் கடலுக்குப் போகும் தந்தை, பத்தமடையில் பாய் முடையும் பாட்டி. நம் சீமையின் பிள்ளைகள் இப்படிப்பட்ட வீடுகளிலிருந்துதான் வருகிறார்கள். நிருபர்கள் இதைக் கேட்பார்கள், செய்தியிலும் அதுதான் தலைப்பாகும். அதில் தவறில்லை. அந்த உழைப்பு சொல்லத் தகுந்ததே. ஆனால் சொல்வதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியவர் அந்தப் பிள்ளை. ஒழுகும் கூரையை, குடித்துவிட்டு வரும் தகப்பனை, பிரிந்து போன தாயை நாமாக எடுத்துக் கொடுக்கக் கூடாது. அவள் நாளைக்கு ஒரு புதுக் கல்லூரியில் போய் உட்கார வேண்டும். இணையத்தில் அந்தச் செய்தி வருஷக்கணக்கில் கிடக்கும். கேட்டுவிட்டு, "இதைச் சொல்லலாம், இது வேண்டாம்" என்று அவள் பிரித்துக் கொடுத்ததை மட்டும் எழுதுங்கள்.

"என்ன ஆகப்போகிறாய்?" என்ற கேள்வி கட்டாயம் வரும். "கலெக்டர் ஆவேன்" என்று சொல்லச் சொல்லிக் கற்றுக்கொடுக்காதீர்கள். நர்சிங் படிக்க ஆசை என்றால் அப்படியே சொல்லட்டும். இன்னும் தெரியவில்லை என்பதும் நேர்மையான பதில்தான். யார் உதவினார்கள், எப்படிப் படித்தாள் என்று அவள் பாட்டுக்குப் பேசினாலே நல்ல இரண்டு வரி கிடைக்கும்.

அரசு இல்லங்களிலும் தொண்டு நிறுவன இல்லங்களிலும் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் விஷயத்தில் சட்டமே குறுக்கே நிற்கிறது. 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், படம், பள்ளி போன்ற அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது. பாராட்டுகிற செய்திதானே என்று நாமாக முடிவு செய்ய வேண்டாம். முதலில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகைக் கேளுங்கள்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைப் பற்றி எழுதும்போது பரிதாபம் வேண்டாம். பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் நூறாண்டு கடந்த பள்ளிகள் இருக்கின்றன. அங்கு படித்து முன்னேறியவர்கள் ஏராளம். "குறையை மீறி" என்று எழுதுவதைவிட, சொல்வதை எழுதுபவர் உதவியோடு தேர்வெழுதினார், பிரெயிலில் படித்தார் என்று எப்படிப் படித்தார் என்பதை எழுதினால் வாசிக்கிறவர்களுக்கும் பயன்.

அப்புறம், சாதி. பேசாமல் தாண்டிப் போகிற விஷயம் இல்லை இது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு ஒருநபர் குழு அமைத்து, பள்ளிகளில் சாதி உணர்வை ஒழிப்பது எப்படி என்று அறிக்கை வாங்க வேண்டிய நிலை வந்தது. இந்த மண்ணில் நன்றாகப் படித்த பிள்ளையைச் சாதிச் சங்கத்தின் மேடையில் ஏற்றி, சங்கக் கொடி நிறத்தில் பொன்னாடை போர்த்தி, "நம் இனத்தின் பெருமை" என்று படம் போடுகிறார்கள். உதவித்தொகை வாங்குவது குடும்பத்தின் விருப்பம். ஆனால் பள்ளியின் பெயரில் போகும் செய்தியில், பள்ளி அனுப்பும் படத்தில், அந்த அடையாளம் எதுவும் இருக்கக் கூடாது. கையில் கயிறு, பொட்டு, பின்னால் பிளெக்ஸ் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் படமெடுங்கள். அந்தப் பிள்ளை பள்ளிக்கும் ஊர் முழுமைக்கும் சொந்தம்.

கல்லூரி, பல்கலைக்கழகப் பட்டதாரிகள்

இங்கே தரவரிசை உண்டு, பதக்கம் உண்டு. ஆனால் எந்தத் தரவரிசை என்பதில் குழப்பம் அதிகம். அபிஷேகப்பட்டியில் இருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990-ல் தொடங்கியது. அதன் இணைப்புக் கல்லூரியில் படித்துப் பல்கலைக்கழக அளவில் இடம் பெற்றால் அது பல்கலைக்கழகத் தரவரிசை. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி போன்ற தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே தேர்வு நடத்துகின்றன. அங்கு முதலிடம் என்றால் அந்தக் கல்லூரியில், அந்தத் துறையில் முதலிடம். அதைப் "பல்கலைக்கழக முதலிடம்" என்று எழுதினால் தவறு. அரசு பொறியியல் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தோடும், நெல்லை மருத்துவக் கல்லூரி எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடும், சட்டக் கல்லூரி அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தோடும் இணைந்தவை. கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. இவற்றில் வாங்கும் இடம் மாநிலம் முழுக்க உள்ள கல்லூரிகளோடு போட்டியிட்டு வாங்கியது, அதைச் செய்தியில் தெளிவாகச் சொல்லுங்கள்.

தேர்வாணையர் அலுவலகத்தின் கடிதமோ வெளியிட்ட தரவரிசைப் பட்டியலோ கையில் இல்லாமல் செய்தி கொடுக்க வேண்டாம். கல்லூரி நடத்தும் பட்டமளிப்பு விழாவும் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவும் வேறு வேறு. எதில் பதக்கம் வாங்கினார் என்று எழுதுங்கள். விழாவன்று அலுவலகங்களுக்கு மேடைப் படமும் பேச்சும் தாமாகவே கிடைத்துவிடும். நீங்கள் அதற்கு இரண்டு நாள் முன்னதாகவே உங்கள் ஊர் நிருபரிடம் பிள்ளையின் ஊர், படித்த பள்ளி, வீட்டின் முதல் பட்டதாரியா என்ற விவரங்களைக் கொடுத்துவிட்டால் ஊர்ப் பெயரோடு தனிச் செய்தி வரும். பழைய பள்ளித் தலைமையாசிரியருக்கும் சொல்லிவிடுங்கள்.

வந்த பிறகும் வராவிட்டாலும்

முதல் நாள் வராவிட்டால் கோபப்பட வேண்டாம். அன்று மாவட்டம் முழுக்கச் செய்தி குவியும். இரண்டு நாள் கழித்து நிருபருக்கு ஒரு நினைவூட்டல் போதும். ஊர்க்காரர்களோ முன்னாள் மாணவர்களோ நடத்தும் பாராட்டு விழா, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் மருத்துவ இடம் கிடைப்பது, மறுகூட்டல், மறுமதிப்பீட்டில் மதிப்பெண் கூடுவது என்று அடுத்தடுத்து வாய்ப்பு வரும். மறுமதிப்பீட்டில் பள்ளி முதலிடமே மாறினால் அதையும் நாமே தெரிவிக்க வேண்டும். புதிதாக முதலிடம் வந்த பிள்ளைக்கு அது உரிமை.

பெயரோ படமோ மாறி வந்துவிட்டால் அன்று காலையே நிருபரைக் கூப்பிட்டு, எந்தப் பக்கம், எந்தப் பத்தி, என்ன இருக்க வேண்டும் என்று எழுதி அனுப்பித் திருத்தம் கேளுங்கள். இணையப் பதிப்பிலும் திருத்தச் சொல்லுங்கள். தேடும்போது அதுதான் கிடைக்கும்.

அன்றைய பேப்பரில் மூன்று பிரதி வாங்குங்கள். ஒன்று வீட்டுக்கு, ஒன்று பள்ளி அறிவிப்புப் பலகைக்கு, ஒன்று பள்ளிக் கோப்புக்கு. கட்டிங் ஓரத்தில் பேப்பரின் பெயர், பதிப்பு, தேதியை எழுதுங்கள். அறக்கட்டளைகளுக்கு உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்கும்போது சேர்த்து அனுப்ப உதவும். பேப்பர் சீக்கிரம் பழுப்பேறும் என்பதால் அன்றே ஒரு ஸ்கேன் எடுத்துப் பிள்ளையின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள்.